மஞ்சள் ஏலமும் கடைசிப் பத்தியும்

அன்புள்ள ஐயா,

கோவையில் இதழியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் கோபி பக்கம். ஆகஸ்டில், பயிற்சிக்காகப் பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குச் சென்று, 'மஞ்சள் விலை கிடுகிடு உயர்வு: விவசாயிகள் மகிழ்ச்சி' என்று செய்தி எழுதினேன். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி ஆகிய ஆறுக்கும் அதில் விடை இருந்தது. இருந்தும் பேராசிரியர் 'இது செய்தி அல்ல' என்று திருப்பித் தந்துவிட்டார். என் பிழை எது? பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள மாணவிக்கு,

இணைத்திருந்த பிரதியை இரண்டு முறை படித்தேன். ஆறு விடைகளும் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பாதியை நீங்கள் ஊரிலிருந்து கிளம்பும்போதே எடுத்துச் சென்றிருக்கிறீர்கள். மழை பெய்தாலும், அணை நிரம்பினாலும், விலை ஏறினாலும் 'விவசாயிகள் மகிழ்ச்சி' என்று அச்சுக் கோத்த காலத்திலிருந்தே எழுதிவருகிறோம். (நானும் எழுதியிருக்கிறேன், ஒரு விவசாயியைக்கூடக் கேட்காமல்.)

தலைப்பில் நீங்கள் 'உயர்வு' என்றது விரலி மஞ்சளின் (விரல் போல நீண்ட கிளைக்கிழங்கு) உச்ச விலையை வைத்து. ஏலத்தில் ஒவ்வொருவர் சரக்குக்கும் வியாபாரிகள் மாதிரியைக் கையில் எடுத்து, ஒடித்து, உள்நிறத்தையும் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதையும் பார்த்துத் தனித்தனியாக விலை குறிப்பதால், உச்ச விலை ஒரே ஒருவருடைய சில மூட்டைகளுக்கு மட்டும் கிடைத்ததாகவும் இருக்கலாம். வரத்து எத்தனை மூட்டை, விற்றது எத்தனை, விரலிக்கும் கிழங்குக்கும் (உருண்டையான தாய்க்கிழங்கு) குறைந்த விலை என்ன, முந்தைய ஏலத்தில் அதே ரகம் என்ன விலைக்குப் போனது என்ற நான்கையும் கூடத்து அலுவலகத்தில் கேட்டிருக்க வேண்டும். ஈரோடு, கோபி கூட்டுறவுச் சங்கங்களிலும் ஏலம் நடக்கும்போது, பெருந்துறை விலையை மட்டும் வைத்து 'ஈரோடு சந்தையில் உயர்வு' என்று எழுதியதும் சரியல்ல.

அதைவிடப் பெரிய கேள்வி, அன்று விற்பதற்கு யார் கையில் மஞ்சள் இருந்தது என்பது. வைகாசி, ஆனி வாக்கில் நட்ட மஞ்சள் தை மாதத்துக்குப் பிறகு வெட்டப்பட்டு, வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றிச் சந்தைக்கு வருகிறது. கடனை அடைக்க அப்போதே விற்றுவிட்டவருக்கு ஆகஸ்டு உயர்வால் ஒரு ரூபாயும் வராது. இருப்பு வைக்க வசதி இருந்த விவசாயிக்கும் வியாபாரிக்கும்தான் அந்த விலை.

இவ்வளவு சொன்னாலும் உங்கள் பிரதியில் நல்ல செய்தி ஒன்று இருக்கிறது, கடைசிப் பத்தியில். வந்த விலையை ஏற்காமல், மாதிரி மஞ்சளைத் துணிப்பையில் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த பெரியவர் உங்களிடம் 'இந்த வெலைக்குக் கட்டாதுங்க கண்ணு' என்று சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறீர்கள். இடம் பற்றாதபோது உதவி ஆசிரியர் முதலில் வெட்டுவது கடைசிப் பத்தியைத்தான் என்பதால், அச்சில் அவர் இருந்திருக்கவே மாட்டார். உச்ச விலை கிடைத்த நாளில் அவருக்கு ஏன் கட்டுப்படியாகவில்லை? சரக்குப் பழையதா, ஈரமா, வண்டு துளைத்ததா? அவரைப் போல எத்தனை பேர் விற்காமல் திரும்பினார்கள்? இதைக் கேட்காமல் அவரை முதல் பத்திக்கு ஏற்றினாலும் தவறு. அவர் ஒருவர் மட்டுமாகவும் இருக்கலாம்.

அடுத்த ஏலத்துக்குக் காலையிலேயே போய், மாதிரிகளைப் பரப்பும்போதே நின்று பாருங்கள். கண்டதைக் குறிப்பேட்டின் இடப்பக்கத்திலும் பிறர் சொல்லிக் கேட்டதை வலப்பக்கத்திலும் எழுதுங்கள். புதிய பிரதியை எனக்கும் அனுப்பலாம், தலைப்பு இல்லாமல்.