மூக்குத்தியைக் கழற்றச் சொல்லும் கடை

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் அக்காள் மகள் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்திலேயே பிறந்து வளர்ந்தவள். அங்கே மால் ஒன்றிலுள்ள ஆடைக் கடையில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். நகப்பூச்சின் நிறம் முதல் காலணி வரை எல்லாவற்றுக்கும் விதி எழுதிக் கையில் கொடுத்திருக்கிறார்களாம். இப்போது மூக்குத்தியையும் கழற்றச் சொல்கிறார்கள். சட்டப்படி இது சரியா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அந்தப் பெண் எதற்காக மூக்குத்தி அணிகிறார் என்பதை நீங்கள் எழுதவில்லை. அழகுக்காக என்றால், கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. ஊழியரின் தோற்றத்தை வரையறுக்கும் உரிமையை அந்நாட்டுச் சட்டம் தனியார் முதலாளிக்குத் தாராளமாகவே விட்டு வைத்திருக்கிறது. சமய வழக்கமாக அணிகிறார் என்றால் நிலைமை வேறு. 15 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் எந்த நிறுவனமும், தனக்குப் பெருஞ்சுமை ஆகாத வரையில், ஊழியரின் சமய வழக்கத்துக்கு இடம் கொடுத்தாக வேண்டும் என்கிறது 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம்.

இதில் புகழ்பெற்ற வழக்கு ஒரு துணிக்கடையிலிருந்தே வந்தது. 2008-இல் ஒக்லஹோமா மாநிலம் டல்சா நகரில், அபர்கிராம்பி அண்ட் ஃபிட்ச் நிறுவனத்தின் சிறுவர் ஆடைக் கடைக்கு நேர்காணலுக்குப் போன சமந்தா எலாஃப் என்ற முஸ்லிம் பெண்ணுக்கு அப்போது வயது 17. தலையில் கறுப்பு முக்காடு. விற்பனையாளர்களையே 'மாடல்' என்று அழைத்துக்கொண்டிருந்த அந்த நிறுவனத்தின் 'லுக் பாலிசி', தொப்பிக்கும் கறுப்பு உடைக்கும் தடை விதித்திருந்தது; எதெல்லாம் தொப்பி என்ற விளக்கம் மட்டும் அதில் இல்லை. நேர்காணல் நடத்திய துணை மேலாளர் மூன்று தலைப்புகளில் இரண்டிரண்டாக ஆறு மதிப்பெண் போட்டிருந்தார். வேலைக்கு அது போதும். முக்காடு பற்றிச் சந்தேகம் எழுந்து மேலதிகாரியிடம் கேட்டபோது, சமயத்துக்காக அணிந்தாலும் இல்லாவிட்டாலும் தலையில் எது இருந்தாலும் விதிமீறலே என்று பதில் வந்தது. உடனே தோற்றத்துக்கான இரண்டு ஒன்றானது, ஆறு ஐந்தானது, வேலை கைநழுவியது.

அவருக்காக அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையம் வழக்குத் தொடுத்தது. முதலில் 20,000 டாலர் கிடைத்தது. ஆனால் 'முக்காடு சமயத்துக்காகத்தான் என்று அந்தப் பெண் வாய்திறந்து சொல்லவில்லையே' என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2015 ஜூன் 1 அன்று உச்ச நீதிமன்றத்தில் எட்டு நீதிபதிகள் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாக நிற்க, நீதிபதி ஸ்காலியா எழுதிய தீர்ப்பு அந்த வாதத்தைத் தள்ளியது: விண்ணப்பதாரர் சொன்னாரா இல்லையா என்பதல்ல கேள்வி; சமய வழக்கத்துக்கு இடம் கொடுக்க நேரும் என்பதற்காகவே வேலை மறுக்கப்பட்டதா என்பதே கேள்வி. எலாஃபுக்கு நிறுவனம் கடைசியில் கொடுத்தது 25,670 டாலர். தீர்ப்பு வருவதற்குச் சில வாரங்கள் முன்பாகவே 'மாடல்' என்ற பெயரையும் கைவிட்டிருந்தது.

எதிர்த்திசையிலும் ஒரு தீர்ப்பு உண்டு. புருவத்தில் வளையம் அணிவதே தன் சமயம் என்று காஸ்ட்கோ கடையின் காசாளர் ஒருவர் வழக்காடினார். வேலை நேரத்தில் அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளலாம், அல்லது நிறமற்ற பிளாஸ்டிக் செருகியை மாட்டிக்கொள்ளலாம் என்று கடை இறங்கி வந்தும் அவர் இணங்கவில்லை, 2004-இல் தோற்றார். ஆனால் அன்று சிறு சிரமத்தைக் காட்டியே முதலாளி தப்பிக்க முடிந்தது. கணிசமான கூடுதல் சுமை என்று நிரூபித்தால்தான் மறுக்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டதால், கடுகளவு மூக்குத்தியால் வியாபாரம் கெடும் என்று இனி ஒரு கடை நிறுவுவது எளிதல்ல.

மூக்குத்தி வேதத்தில் இருக்கிறதா என்று மேலாளர் கேட்டால் தடுமாற வேண்டாம். கட்டாயம் என்று எழுதி வைத்திருக்க வேண்டியதில்லை, உண்மையான நம்பிக்கையாக இருந்தால் போதும். (தென்னாப்பிரிக்காவில், டர்பன் பள்ளி மாணவியான ஒரு தமிழ்ப் பெண்ணின் மூக்குத்தி அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய் 2007-இல் வென்றது. விரும்பி மேற்கொள்ளும் வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்றது அந்தத் தீர்ப்பு. அது டெக்சாஸில் செல்லாது என்றாலும் நமக்குக் கொஞ்சம் பெருமைதான்.)

ஆகவே, காரணத்தை மின்னஞ்சலில் எழுதி விதிவிலக்குக் கேட்கச் சொல்லுங்கள். பொய்யாக எழுத வேண்டாம். வாடிக்கையாளர் கண்ணில் படாத ஸ்டாக் ரூமுக்கு மாற்றுகிறோம் என்று கடை சொன்னால், அதையும் பாகுபாடாகவே ஆணையம் கருதுகிறது.

கேள்வி: அந்தக் கடையின் துணியையே காசு கொடுத்து வாங்கி உடுத்த வேண்டும் என்றும் சொல்கிறார்களாம். இதுவும் வழக்கம்தானா?
– அதே வாசகி

பதில்: வழக்கம்தான், வம்பிலும் முடிந்திருக்கிறது. இப்படி ஊழியரை வாங்க வைத்ததற்காக 2003-இல் அபர்கிராம்பி நிறுவனம் கலிபோர்னியாவில் 22 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. கட்டாயச் சீருடையை முதலாளியே தர வேண்டும் என்பது அம்மாநிலத்தின் விதி. டெக்சாஸில் அந்த அளவு பாதுகாப்பு கிடையாது. சீருடைச் செலவைக் கழித்த பிறகு கூலி மணிக்கு 7.25 டாலருக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது மட்டுமே அங்கே பிடிமானம். எனவே பில்லையும் சம்பளச் சீட்டையும் பக்கத்தில் வைத்து அவரே ஒருமுறை கணக்குப் பார்க்கட்டும்.