இணையத்தில் அரசியல் பேசும்போது, பதில் சொல்வதற்கு முன் எதிராளி சொல்வதை முழுதாகக் கேட்பதால் ஏதாவது பயன் உண்டா?

உண்டு. எனக்கு அது காவிரி விஷயத்தில் புரிந்தது.

எனக்கு மன்னார்குடிப் பக்கம். 2023இல் ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறந்ததை நம்பி அப்பா மூன்று ஏக்கர் குறுவை நெல் போட்டிருந்தார். அப்புறம் கர்நாடகத்தில் மழை பொய்த்துவிட்டது. செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு வினாடிக்கு 5,000 கன அடி திறக்கச் சொல்லி கர்நாடகத்துக்கு உத்தரவு வர, 26ஆம் தேதி பெங்களூரில் பந்த். எங்கள் பழைய அலுவலக வாட்ஸ்அப் குழுவிலும் சண்டை மூண்டது. குழுவில் கர்நாடகத்தின் மண்டியாவைச் சேர்ந்தவர் ஒருவர் உண்டு, தமிழ் நன்றாகப் பேசுவார். நான் எடுத்த எடுப்பில் 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தூக்கிப் போட்டேன்: வருடத்துக்கு 177.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி), கர்நாடகம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அவர் நான்கு நிமிடத்துக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். அதைத் திறக்காமலேயே மேலும் மூன்று பதிவு போட்டேன்.

ராத்திரி சாப்பிட்ட பிறகுதான் கேட்டேன். "177.25 நல்ல மழை வருஷத்துக் கணக்கு சார். குறைஞ்ச வருஷத்துல எவ்வளவுன்னு நீங்க சொல்லுங்க" என்கிறார். வாய்க்காலில் முறை வைத்து விடும் தண்ணீர் அவர்கள் கரும்புக்கு எட்டவில்லையாம். பேச்சுக்கு நடுவே பின்னால் ஒரு வயதானவரின் குரல், யாரிடமோ கன்னடத்தில் கேட்கிறது: "நீரு பந்தா?" எங்கள் மதகடியில் அப்பா கேட்கும் அதே "தண்ணி வந்துடுச்சா?" அந்த இடத்தை மட்டும் மூன்று தடவை போட்டுக் கேட்டேன்.

அவர் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தேடிப் படித்தேன். தண்ணீர் குறைந்த வருடத்தில் எல்லா மாநிலப் பங்கும் அதே விகிதத்தில் குறைய வேண்டும் என்று காவிரி நடுவர் மன்றம் 2007லேயே சொல்லியிருக்கிறது. அதை எப்படிக் கணக்கிடுவது என்பதில்தான் இத்தனை சண்டையும். இத்தனை வருடம் கத்தியிருக்கிறேன், இந்த ஒரு பத்தியைப் படித்ததில்லை.

மறுநாள், "தரமாட்டோம்னு நீங்க சொல்லல, குறைஞ்ச வருஷத்துக்கு ஒரு கணக்கு கேக்குறீங்க, சரிதானே?" என்று எழுதினேன். "ஆமா சார், அதேதான்" என்றார். அதற்கு அப்புறம்தான் அவரும் என்னைக் கேட்டார்: "உங்களுக்கு ஐப்பசியில மழை வருமே, இப்பவே ஏன் அவசரம்?" அந்த 177.25 மாதவாரியாகப் பிரித்தது, ஆகஸ்டுக்கு மட்டும் 45.95, செப்டம்பருக்கு 36.76 என்று சொன்னேன். குறுவை கதிர் வாங்குகிற நேரத்தில் வராத தண்ணீர் ஐப்பசியில் வந்து என்ன செய்ய? அப்பாவின் வெடித்த வயலைப் படம் எடுத்து அனுப்பினேன். மாதக் கணக்கு அவருக்கு அதுவரை தெரியாது.

வசை பாட மட்டுமே வருகிறவர்களிடம் இதெல்லாம் நடக்காது, அவர்களை நான் ம்யூட் செய்துவிடுகிறேன்.

ஆகஸ்டுத் தண்ணீரை நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் முன்பு வெறும் 177.25 என்று கேட்டவன், இப்போது பற்றாக்குறைக் கணக்கை நல்ல மழை வருடத்திலேயே எழுதிவையுங்கள் என்று கேட்கிறேன். அவரும் அதையே சொல்கிறார். அந்தக் கணக்கில் பெங்களூரின் குடிநீரை முதலில் ஒதுக்க வேண்டும் என்பது அவர் வாதம், நிற்கிற பயிரையும் கூடவே சேர்க்க வேண்டும் என்பது என் வாதம். அதில் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.