மரத்தை அழுகச் செய்யும் பூஞ்சைகளின் நொதி உற்பத்தியை உலோக அயனிகள் எப்படி மாற்றுகின்றன?

வளர்ப்பு ஊடகத்தில் செம்பு சல்பேட் சேர்த்ததும், மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்னும் பொருளைச் சிதைக்க உதவும் லாக்கேஸ் நொதி ஏன் பெருகுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். லாக்கேஸ் மூலக்கூறில் பொதுவாக 4 செம்பு அணுக்கள் உண்டு. அவை இல்லாமல் அது இயங்காது. அதோடு, சிப்பிக்காளான் போன்ற வெண்ணழுகல் பூஞ்சைகளில் (லிக்னினைச் சிதைத்து மரத்தை வெளிறச் செய்பவை) லாக்கேஸ் மரபணுவின் படியெடுத்தலையே, அதாவது அதன் ஆர்.என்.ஏ. நகல் உருவாவதையே, செம்பு தூண்டிவிடுகிறது.

என்னை மிகவும் வியக்கவைப்பது மாங்கனீசுதான். ஃபேனரோகீட் கிரைசோஸ்போரியம் என்னும் பூஞ்சையில் மாங்கனீசு கிடைத்தால்தான் மாங்கனீசு பெராக்சிடேஸ் நன்றாக உருவாகிறது. அந்த நொதி, 2 நேர்மின்சுமை கொண்ட மாங்கனீசு அயனியை 3 நேர்மின்சுமை கொண்டதாக ஆக்சிஜனேற்றுகிறது. பூஞ்சை சுரக்கும் ஆக்சலேட் இப்படி உருவான அயனியைப் பிணைத்து நிலைப்படுத்துகிறது. பருத்த நொதி நுழைய முடியாத செல்சுவர் இடுக்குகளுக்குள் இந்தச் சிறிய அயனி ஊடுருவி லிக்னினைத் தாக்குகிறது! ஆனால் இதே பூஞ்சையில் மாங்கனீசு மிகுந்தால் லிக்னின் பெராக்சிடேஸ் என்னும் மற்றொரு நொதி குறைந்துவிடும். ஓர் அயனி எல்லா நொதிகளையும் ஒருசேரக் கூட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

காட்மியமும் பாதரசமும் குறைந்த செறிவிலேயே நச்சு. செம்பும் அளவு மீறினால் பூஞ்சை இழைகளின் வளர்ச்சியைத் தடுக்கும். எனவே நொதிச் செயல்பாட்டுடன் பூஞ்சையின் உலர் எடையையும் கட்டாயம் அளவிடுங்கள்.