சுஷியில் மீன் எவ்வளவு, சோறு எவ்வளவு?

போன இதழில் சோற்றைக் குறைப்பது பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் நான்கு, சொல்லிவைத்த மாதிரி சுஷி என்கிற ஜப்பான் சாப்பாட்டில் வந்து நின்றன. ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி எங்கே தேடினாலும் கிடைக்காத பண்டம் அது. ஆனால் நம் பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள், அவர்கள் தட்டு இங்கே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே இதழில் பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: அக்கா, எனக்குச் சொந்த ஊர் தங்கச்சிமடம், வேலை சென்னையில். வயது 27. எட்டு மாதத்தில் 78 கிலோவிலிருந்து 71க்கு இறங்கினேன். மதியம் சோறே எடுப்பதில்லை. வாரத்தில் இரண்டு நாள் அலுவலகத் தோழிகளோடு சுஷி. "வெறும் மீன்தானே, ஒன்றும் ஏறாது" என்கிறார்கள். மூன்று வாரமாக எடை அசையவில்லை, சுஷி சாப்பிட்ட மறுநாள் ஒரு கிலோ கூடக் காட்டுகிறது. சுஷியை விட்டுவிடவா? (தங்கச்சிமடம் வாசகி)

பதில்: விட வேண்டாம். ஆனால் வெறும் மீன் என்று சொன்ன அந்தத் தோழியிடம் நான் பேச வேண்டும். சுஷி என்ற சொல்லே மீனைக் குறிப்பதில்லை தங்கச்சி, வினிகர், சீனி, உப்பு கலந்த சோற்றைத்தான் குறிக்கும். சோறில்லாமல் பச்சை மீனை மட்டும் துண்டு போட்டு வைத்தால் அதற்குப் பெயர் சஷிமி. நீங்கள் மதியம் சோற்றை விட்டதாக நினைத்துக்கொண்டு அந்த இரண்டு நாளும் சோறுதான் சாப்பிட்டிருக்கிறீர்கள், அதுவும் சீனி போட்ட சோறு.

ஒருமுறை சென்னையில் எட்டுத் துண்டு ரோல் ஒன்றைக் கட்டி வாங்கிவந்து, வீட்டில் தராசை வைத்து அதைப் பிரித்துப் பார்த்தேன் (என் வீட்டுக்காரர் பார்த்த பார்வையை விடுங்கள்). மேலே சுருட்டியிருந்த கடல்பாசித் தாளை உரித்தால் உள்ளே அழுத்தி அழுத்தி வைத்த சோறு 140 கிராம். மீன் 30 கிராம், நம் ஊரில் குழம்பில் கிடக்கிற ஒரு துண்டில் பாதி கூட இல்லை. அப்புறம் மேலே கோலம் போட்ட மாதிரி மயோனைஸ், அதை வழித்து எடுத்தால் ஒரு மேசைக்கரண்டி. கணக்கைப் பாருங்கள்: வெந்த சோறு 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரி, அதில் கலந்த சீனி ஒரு தேக்கரண்டி அளவு வரும், இரண்டும் சேர்ந்து 200. சால்மன் 60. மயோனைஸ் 90, 100. ஆகமொத்தம் 350 கலோரி. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இது ஒன்றும் அநியாயம் இல்லை, ஒரு ரோலோடு எழுந்துவிட்டால். யார் எழுந்திருக்கிறார்கள்? ஒருத்தி ஒன்று சொல்ல, இன்னொருத்தி வேறொன்று சொல்ல, நடுவில் ஒரு டெம்புரா ரோல் வரும். டெம்புரா என்றால் பயந்துவிட வேண்டாம், இறால் பஜ்ஜிதான். பஜ்ஜியைச் சோற்றுக்குள் வைத்துச் சுருட்டி மேலே மயோனைஸ் ஊற்றினால் ஒரு ரோலுக்கே 500 கலோரி வரை போகும், இரண்டு பரோட்டாவுக்குக் கொஞ்சம்தான் குறைவு.

சரி, எதைச் சாப்பிடலாம். முதலில் சஷிமி ஒரு தட்டு, அல்லது மீசோ சூப் (புளிக்கவைத்த சோயா விழுதைக் கரைத்தது). அதற்குப் பிறகு நிகிரி ஆறு. நிகிரி என்பது விரல் நீளச் சோற்று உருண்டைமேல் ஒரு மீன் துண்டு, ஒன்றுக்கு 40லிருந்து 65 கலோரி. ஆறு சாப்பிட்டாலும் 350ஐ அதிகம் தாண்டாது, ஆனால் இதில் ரோலைவிட மீன் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும், அதனால் பசி சீக்கிரம் திரும்பாது. வெள்ளரிக்காய் வைத்த ஒல்லி ரோல் ஆறு துண்டும் 140 கலோரிக்குள் முடிந்துவிடும். பச்சை மீன் பிடிக்காதவர்களுக்கு வேகவைத்த இறால், வேகவைத்த ஆக்டோபஸ், சுட்ட விலாங்கு வைத்த சுஷியும் உண்டு. "கிரஞ்சி", "கிரீமி", "டிராகன்" என்றெல்லாம் பெயர் வைத்திருந்தால் உள்ளே எண்ணெயோ கிரீம் சீஸோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மறுநாள் ஒரு கிலோ விஷயம், அது கொழுப்பு இல்லை, தண்ணீர். சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் சோடியம் சுமார் 900 மில்லிகிராம். ஒரு நாள் முழுவதற்கும் 2000 மில்லிகிராமுக்குள் நிற்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சின்னக் கிண்ணத்தில் இரண்டு கரண்டி ஊற்றிச் சோற்றை முக்கி முக்கி எடுத்தால் ஒரே வேளையில் அன்றைய கணக்கு தீர்ந்தது, உடம்பு அந்த உப்பைச் சமாளிக்கத் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது, இரண்டு நாளில் இறங்கிவிடும். நிகிரியைக் கையால் எடுத்துக் கவிழ்த்து மீன் பக்கத்தை மட்டும் சாஸில் தொடுங்கள், சோற்றுப் பக்கம் பட்டால் பஞ்சு மாதிரி உறிஞ்சும். கையால் சாப்பிடுவது ஜப்பானிலும் மரியாதைக் குறைவு இல்லை, அந்தக் குச்சியோடு போராட வேண்டியதில்லை.

மூன்று வாரம் அசையாததற்கு சுஷியை மட்டும் குற்றவாளி ஆக்காதீர்கள். ஏழு கிலோ குறைந்த உடம்புக்கு முன்பு இருந்த அளவு சாப்பாடு தேவைப்படாது. ஒரு வாரம் வாயில் போட்டதையெல்லாம் எழுதிவைத்து எனக்கு அனுப்புங்கள், பார்க்கலாம்.

கேள்வி: நான் பாம்பன், நாட்டுப்படகு வைத்திருக்கிறேன். காலேஜில் படிக்கிற அக்கா மகள் லீவுக்கு வந்து, "உடம்பைக் குறைக்கணும் மாமா, சூரையை அப்படியே பச்சையா அறுத்துக் குடுங்க, சுஷி பண்றேன்" என்கிறாள். விடியக்காலை பட்ட மீன், ஐஸையே பார்க்காத மீன். கொடுக்கலாமா? (பாம்பன் வாசகர்)

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. புது மீன் என்பது வேறு, பச்சையாகத் தின்னத் தகுந்த மீன் என்பது வேறு. "ஐஸையே பார்க்காத மீன்" என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதைப் படித்ததும்தான் பயம் வந்தது.

சூரை, கானாங்கெளுத்தி மாதிரியான மீன்களைப் பிடித்த உடனே குளிரில் போடவில்லை என்றால், நம் வெயிலில் சில மணி நேரத்திலேயே அதன் சதையில் பாக்டீரியா வேலையைத் தொடங்கி ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கிவிடும். அது உள்ளே போனால் முகம் சிவந்து, தலைவலித்து, உடம்பெல்லாம் தடித்து அரிக்கும், சிலருக்கு வாந்தி பேதி. மீன் ஒத்துக்கொள்ளவில்லை, அலர்ஜி என்று நம் பக்கம் சொல்கிறவர்களில் சிலருக்கு உண்மையில் இதுதான் நடந்திருக்கும். கொடுமை என்னவென்றால் ஹிஸ்டமின் ஒருமுறை உண்டாகிவிட்டால் கொதிக்கவைத்தாலும் போகாது. அதனால் குழம்புக்குப் போகிற சூரைக்கும் படகிலேயே ஐஸ் வேண்டும், இது சுஷிக்காக மட்டும் சொல்வதில்லை.

இரண்டாவது, புழு. அனிசாகிஸ் என்று நூல் மாதிரி ஒன்று கடல்மீனின் குடலிலும் சதையிலும் சுருண்டு கிடக்கும், பச்சையாகப் போனால் நம் வயிற்றுச் சுவரைக் குத்தும். அதைக் கொல்ல மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறையவைக்க வேண்டும் என்று அமெரிக்காவில் விதி வைத்திருக்கிறார்கள். வீட்டு ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டி மைனஸ் 18ஐத் தொட்டாலே பெரிய விஷயம், அதுவும் ஐஸ் குச்சிக்காகப் பிள்ளைகள் பத்துத் தடவை திறக்கிற பெட்டி. ஜப்பானுக்குப் போகிற சூரையை ஆழ்கடல் கப்பலிலேயே மைனஸ் 60 டிகிரியில் உறையவைக்கிறார்கள். "கடலில் இருந்து நேராகத் தட்டுக்கு" என்று நாம் கற்பனை செய்கிற சுஷி பெரும்பாலும் ஐஸ்கட்டியாக இருந்து வந்ததுதான்.

மூன்றாவது, விப்ரியோ என்கிற பாக்டீரியா. 1950இல் ஜப்பானின் ஒசாகாவில் மீன் குஞ்சு தின்றவர்கள் கூட்டமாக நோயில் விழுந்தபோதுதான் அதன் ஒரு வகையை முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள். வெதுவெதுப்பான கடல் தண்ணீர் அதற்குப் பிடிக்கும், நம் பாக் நீரிணையும் மன்னார் வளைகுடாவும் எப்போதும் வெதுவெதுப்புதான். உறையவைத்தாலும் இது முழுதாகச் சாகும் என்று நம்ப முடியாது, வெந்தால் செத்துவிடும்.

அக்கா மகளை ஏமாற்ற வேண்டாம். ஐஸில் வைத்துக் கொண்டுவந்த சூரையைத் தோல் நீக்கி, மஞ்சளும் மிளகும் தடவி, தோசைக்கல்லில் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் இரண்டு பக்கமும் உள்வரை வேகவிட்டு நீளமாக அறுத்துக் கொடுங்கள். கணவாய் என்றால் கொதிக்கிற தண்ணீரில் ஒன்றிரண்டு நிமிடம், அதற்கு மேல் போனால் ரப்பர். பச்சரிசியைக் கொஞ்சம் குழைவாக வடித்து, ஆறியதும் அரை கைப்பிடி எடுத்து, வெள்ளரிக்காயும் இந்த மீனும் வைத்து அவளே சுருட்டிக்கொள்ளட்டும். இளைக்க வேண்டும் என்றால் அவளுக்கு உதவப்போவது சூரைதான், 100 கிராமில் புரதம் 22 கிராமுக்குக் குறையாது, கலோரி 110 பக்கம். கடையில் சால்மன் வாங்கித் தின்றால் அதே 100 கிராமுக்கு 200 வரும். காசையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் நீங்கள் சிரிப்பீர்கள்.

கேள்வி: மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், 96 கிலோ. டாக்டர் குறைக்கச் சொன்னதால் இரவுக்குத் தினமும் சூப்பர் மார்க்கெட்டில் டப்பா சுஷி வாங்கிச் சாப்பிடுகிறானாம். தினமும் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாதா? அது நாம் சாப்பிடக்கூடியதுதானா? (கீழக்கரை வாசகி)

பதில்: லாத்தா, இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன். சில கடைகளில் சுஷி சோற்றில் மிரின் சேர்ப்பார்கள், அது அரிசியில் செய்கிற ஒரு வகை மது. எல்லாக் கடையிலும் இல்லை. சிங்கப்பூரில் ஹலால் முத்திரை உள்ள சுஷி கிடைக்கிறது, அதைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

தினமும் என்பதில்தான் எனக்குச் சங்கடம். பெரிய சூரை வகைகளில் பாதரசம் சேர்ந்திருக்கும், வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை என்றால் கவலைப்பட வேண்டாம், அன்றாடம் வேண்டாம். உப்பும் கூடும். டப்பா சுஷி குளிர்ப்பெட்டியில் இருந்தது, சோறு இறுகிப்போயிருக்கும், அதைச் சரிக்கட்டச் சாஸ் பொட்டலம் இரண்டு மூன்றைப் பிரிப்பார். டப்பாவில் காய் என்று ஒன்றும் இருக்காது, ஊறுகாய் இஞ்சி காயில் சேராது. மூன்று நாள் சுஷி, மற்ற நாள் மீன் சூப்பும் கீரையும் என்று மாற்றிக்கொண்டால் போதும். டப்பாமேல் கலோரி அச்சிட்டிருந்தால், அது முழு டப்பாவுக்கா பாதிக்கா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். போன தடவை ஊருக்கு வந்து திரும்பும்போது பெட்டியில் தொதல் அல்வா எத்தனை கிலோ வைத்தீர்கள்?

கேள்வி: நாங்கள் மண்டபம் பக்கம் பாசி எடுக்கிறவர்கள். கடல்பாசி தின்றால் தொப்பை குறையும் என்று செல்போனில் காட்டுகிறார்கள். நாங்கள் எடுக்கிற பாசியில் இந்தச் சுஷி சுருட்டலாமா? (மண்டபம் வாசகி)

பதில்: சுருட்ட முடியாது அம்மா. சுஷி தாள் நோரி என்கிற வேறு பாசி, குளிர்ந்த கடலில் வலை கட்டி வளர்த்து, காகிதம் மாதிரி ஊற்றிக் காயவைப்பது. அந்தப் பாசி தன் ஆயுளில் ஒரு பருவத்தைச் சிப்பி ஓட்டுக்குள் கழிக்கிறது என்று 1949இல் காத்லீன் ட்ரூ என்ற இங்கிலாந்து அம்மாள் கண்டுபிடித்த பிறகுதான் ஜப்பானில் சாகுபடி நிலைத்தது. நீங்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் அகர் அகர் செய்யப் போகின்றன. நோரித் தாள் ஒன்று மூன்று கிராம்கூட வராது, பத்துக் கலோரி. அதைத் தின்று தொப்பை குறையவும் குறையாது, கூடவும் கூடாது.

அகர் அகர் கொஞ்சம் பரவாயில்லை, நார்ச்சத்து, தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வயிற்றை நிறைக்கும். நோன்பு நேரத்தில் செய்கிற கடப்பாசியைச் சீனி பாதி, பாலுக்குப் பதில் இளநீர் என்று செய்து சாயங்காலப் பசிக்கு வைத்துக்கொள்ளலாம். கஞ்சிப் பாசியில் கஞ்சி காய்ச்சிக் குடிக்கிற வழக்கம் நம் கரையில் முன்பு இருந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாருக்காவது இன்னும் பக்குவம் தெரிந்தால், எத்தனை தண்ணீரில் அலசினார்கள், எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.