எரோட் குறைந்தது அணையாலா, சினையாலா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள வாளையாறு அணை ஜிலேபி மீன்களைவிட மீன்கரை அணை மீன்களின் கல்லீரலில் எரோட் (EROD, டயாக்சின் போன்ற மாசு பட்டால் கூடும் ஒரு நொதியின் வேலையைக் காட்டும் அளவு) செயல்பாடு பாதிதான் வருகிறது, அதனால் மீன்கரையில் மாசு குறைவு என்று எழுதலாமா எனக் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதைக்கு எழுதாதீர்கள். உங்கள் அட்டவணையையே பாருங்கள்: மீன்கரையில் கிடைத்தவை பெரும்பாலும் சினைமீன்கள், வாளையாற்றில் ஆண்கள்.

சினை முதிரும்போது பெண்மீனின் உடலில் ஈஸ்ட்ரடயால் என்ற பெண் ஹார்மோன் ஏறும். எரோட் அளவில் நாம் பார்ப்பது சிஒய்பி1ஏ (CYP1A) என்ற அந்த நொதியின் வேலையைத்தான். அதை இந்த ஹார்மோன் அடக்கிவிடும். ஒரே குளத்து ஆணுக்கும் பெண்ணுக்குமே இப்படிப் பெரிய வித்தியாசம் வரலாம்.

இடத்தாலும் நொதி மாறும், மறுக்கவில்லை. அமெரிக்காவின் நியூஆர்க் விரிகுடாவில் தலைமுறை தலைமுறையாக டயாக்சின் என்ற நச்சு மாசில் வாழ்ந்த கில்லி என்ற சிறு மீன்களுக்கு மாசு பழகிப்போய், சிஒய்பி1ஏ தூண்டினாலும் சரியாக ஏறுவதில்லை. ஆகவே எரோட் குறைவு என்றாலே தண்ணீர் சுத்தம் என்று ஆகாது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

சரி, இனி செய்ய வேண்டியது. இரண்டு அணையிலும் ஒரே வாரத்தில், ஒரே அளவு மீன்களைப் பிடித்து, ஆணை ஆணோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஆசனவாய்க்குப் பின்னால் இருக்கும் சிறு முகட்டில் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைத் தடவினால், பெண்ணுக்குக் குறுக்கே முட்டை வரும் பிளவு தெரியும். ஆணுக்கு அது இருக்காது. அறுத்த பிறகு சினைப்பை, விந்தகம், கல்லீரல் எடைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், வயல் பூச்சிமருந்துதான் உங்கள் சந்தேகம் என்றால் எரோட் போதாது, பல பூச்சிமருந்துகள் முடக்கும் நரம்பு நொதியான அசிட்டைல்கோலினெஸ்டரேஸை மூளையில் அளந்து பாருங்கள்.