கிராம வரைபடம் கடலில் விழுவது ஏன்?

கேள்வி: திண்டுக்கல்லில் ஒரு கட்டடப் பொறியாளர் அலுவலகத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக ஆட்டோகேட் வரைவாளராக இருக்கிறேன். வேலை முடிந்ததும் ஒரு கல்லூரியில் நடக்கும் மாலை நேர ஜிஐஎஸ் (வரைபடத்தையும் தகவலையும் கணினியில் சேர்த்துக் கையாளும் முறை) சான்றிதழ் வகுப்புக்குப் போகிறேன். ஆசிரியர் சொல்லச் சொல்லச் செய்தால் படம் சரியாக வருகிறது. வீட்டுக்கு வந்து தனியாகச் செய்தால் ஒன்றும் நினைவில் இல்லை. நத்தம் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரின் கிராம வரைபடத்தை ஸ்கேன் செய்து ஏற்றினேன். அது ஆப்பிரிக்காவுக்கு அருகே கடலில் போய் நிற்கிறது. வகுப்பில் ஆர்க்ஜிஐஎஸ் மென்பொருள், என்னிடம் இருப்பதோ 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினி. வயது 38. இந்தப் படிப்பைத் தொடரலாமா?

பதில்: தொடருங்கள். ஆனால் உங்கள் ஊர் ஏன் கடலில் விழுந்தது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். வகுப்பில் வருவது வீட்டில் வராமல் போவதற்கான காரணமும் அதற்குள்ளேயே இருக்கிறது.

படம் போய் நின்ற இடம் கினி வளைகுடா. நிலநடுக்கோடும் கிரீன்விச் தீர்க்கரேகையும் வெட்டிக்கொள்ளும் புள்ளி அங்கேதான் இருக்கிறது. அங்கே இரண்டு அளவுகளும் பூஜ்ஜியம். பின்னணிக்கு ஓர் இணைய வரைபடத்தைச் சேர்த்திருப்பீர்கள். வெற்றுத் திட்டத்தில் முதலில் ஏறும் அந்த வரைபடத்தின் வெப் மெர்கேட்டர் என்ற ஆயத்தொலை முறையையே, அதாவது இடத்தை எண்களால் குறிக்கும் முறையையே, மென்பொருள் திட்டம் முழுவதற்கும் எடுத்துக்கொள்ளும். ஸ்கேன் செய்த படத்துக்கோ தான் எந்த ஊர் என்று தெரியாது. அதில் இருப்பது வெறும் பிக்சல்கள். இடம் சொல்லப்படாததால் அதைப் பூஜ்ஜியத்தில் வைத்து, ஒரு பிக்சலை ஒரு மீட்டர் என்று மென்பொருள் கொண்டுவிட்டது. அது பிழை செய்யவில்லை. நாம் சொல்லாததைத் தானாக நிரப்பிக்கொண்டது, அவ்வளவுதான்.

வரைபடம் எங்கே போய் விழுகிறது என்பதே நோய் என்ன என்று சொல்லிவிடும். வீட்டுமனைப் படத்தை ஆட்டோகேட்டில் பூஜ்ஜியத்திலிருந்து வரைந்து, அதற்கு யுடிஎம் (உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை) 43ஆம் மண்டலம் என்று குறித்தால், அது மாலத்தீவுக்கு மேற்கே நிலநடுக்கோட்டின் மேல் போய் உட்காரும். அந்த மண்டலத்தில் கிழக்கு நோக்கி அளக்கும் எண் பூஜ்ஜியமாவது 75 பாகை தீர்க்கரேகைக்கு 500 கிலோமீட்டர் மேற்கே. நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், நத்தம் பக்கத்துக் கிணறுகளை 44ஆம் மண்டலத்தில் அளந்து வந்து 43 என்று குறித்துவிட்டேன். கிணறுகள் எல்லாம் லட்சத்தீவுக்கு அருகே அரபிக்கடலில் வரிசையாக நின்றன. சரியாக ஆறு பாகை மேற்கே. ஒரு மண்டலத்தின் அகலம் ஆறு பாகை என்று பாடத்தில் படித்திருந்தும், அன்றைக்குத்தான் அது எனக்குள் இறங்கியது.

உங்கள் மாவட்டத்துக்கு இது மற்றவர்களைவிட முக்கியம். 43, 44 மண்டலங்களைப் பிரிக்கும் 78 பாகைக் கோடு உங்களுக்குப் பக்கத்திலேயே போகிறது. திண்டுக்கல் நகரம் கோட்டுக்குச் சற்று மேற்கே, 43இல், நத்தம் 44இல், மதுரையும் 44இல். கோவையில் இருப்பவருக்கு 43 மட்டும் போதும், தஞ்சாவூரில் இருப்பவருக்கு 44 மட்டும். நீங்கள் ஒவ்வொரு வேலையிலும் நின்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். நத்தம் ஊருக்கு 44, அதாவது மென்பொருளின் ஆயத்தொலை முறைப் பட்டியலில் 32644 என்ற எண். ஒரு வேலை கோட்டின் இருபுறமும் விழுந்தால் ஏதாவது ஒரு மண்டலத்தை எடுத்துக் கடைசிவரை அதையே பின்பற்றுங்கள். மண்டல ஓரத்தில் வரும் நீளப் பிழை கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் அளவுதான். இரண்டையும் கலந்தால் வரும் பிழைக்கு அளவே இல்லை.

இங்கே மாணவர்கள் அதிகம் தடுமாறும் ஓர் இடம் உண்டு. ஒரு லேயருக்கு, அதாவது ஏற்றிய ஒரு தரவு அடுக்குக்கு, ஆயத்தொலை முறையைக் குறிப்பது வேறு; ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது வேறு. மெனுவில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். பழைய புலப்படங்களில், அதாவது நில அளவைப் படங்களில், லிங்க் என்ற நீளக் கணக்கைப் பார்த்திருப்பீர்கள். 500 லிங்க் என்பது 100.58 மீட்டர். படத்தில் 500 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ‘லிங்க்’ என்று எழுதினால் அது குறிப்பது. 500ஐ அடித்துவிட்டு 100.58 என்று எழுதினால் அது மாற்றுவது. 500ஐ அப்படியே விட்டு ‘மீட்டர்’ என்று எழுதுவதைத்தான் நான் அரபிக்கடலில் செய்தேன். லேயர் இடம் மாறி விழுந்தால், மெனுவில் ஒவ்வொரு முறையாகக் குறித்துப் பார்த்துச் சரியாகும்வரை முயலாதீர்கள். தரவு எந்த முறையில் எடுக்கப்பட்டது என்று கண்டுபிடித்து அதைக் குறியுங்கள். அதன் பிறகு தேவையானால் மாற்றுங்கள்.

பழைய அரசு நில வரைபடத் தாள்களைப் பயன்படுத்தினால் ஒரு கூடுதல் கவனம் வேண்டும். 1802இல் ஆங்கிலேய அளவையாளர் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவையின் வழிவந்த தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற பூமி வடிவக் கணக்கை அடிப்படையாகக் கொண்டவை. உங்கள் கைபேசி காட்டுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு கணக்கு. இரண்டையும் ஒன்றென்று கொண்டால் நூறு மீட்டருக்கும் மேல் விலகும். கடலில் விழுந்த படத்தை யாரும் கவனித்துவிடுவார்கள். நூறு மீட்டர் தள்ளி, பார்ப்பதற்குச் சரியாக அமர்ந்திருக்கும் படம்தான் ஆளை ஏமாற்றும்.

பரப்பளவிலும் இதே தொல்லை உண்டு. வெப் மெர்கேட்டரில் தட்டையாகக் கணக்கிட்டால் உங்கள் ஊரின் 100 சென்ட் நிலம் சுமார் 103 சென்ட் என்று வரும். இல்லாத மூன்று சென்ட்! கியூஜிஐஎஸ் மென்பொருளில் டாலர் குறியோடு வரும் ஏரியா என்ற கணக்கு, திட்டத்தில் குறித்திருக்கும் நீள்கோளத்தைக் கொண்டு பூமியின் வளைவைச் சேர்த்தே பார்க்கிறது. குறியில்லாத ஏரியா தட்டையாகவே பார்க்கிறது. இரண்டையும் ஒரே நிலத்துக்குப் போட்டுப் பாருங்கள். பிறகு யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியிருக்காது.

இப்போது கிராம வரைபடத்தை இடத்தில் அமர்த்துவோம். தாளிலும் செயற்கைக்கோள் படத்திலும் ஐயமின்றித் தெரியும் இடங்களைத் தேடுங்கள்: கோயில், கண்மாய்க் கரையின் முனை, மடை, பாதைகள் கூடும் இடம், பழைய கிணறு. மரமும் வேலியும் வேண்டாம். ஒரே இடத்தைத் தாளிலும் செயற்கைக்கோள் படத்திலும் தொட்டுக் குறித்தால் அது ஒரு புள்ளி. மூன்று புள்ளி இருந்தாலே மென்பொருள் ஒப்புக்கொள்ளும், ஆனால் பிழையைக் காட்டாது. மூன்று புள்ளியில் எதுவும் பொருந்திவிடும். ஏழெட்டுப் புள்ளியாவது வையுங்கள். அவை தாளின் நான்கு மூலைகளுக்கும் நடுப்பகுதிக்கும் பரவியிருக்க வேண்டும். தாள் முழுவதையும் ஒரே சீராக நகர்த்தி, சுழற்றி, நீட்டும் முதல்படி பல்லுறுப்புக் கோவை மாற்றத்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் எஞ்சும் பிழையைப் படியுங்கள். ஒன்று மட்டும் அதிகமாகக் காட்டினால் கோயில் இடம் மாறியிருக்கலாம், அல்லது நீங்கள் வேறு கிணற்றைத் தொட்டிருக்கலாம். தின் பிளேட் ஸ்ப்ளைன் என்ற மாற்றத்தில் பிழை பூஜ்ஜியம் என்று வருவதைப் பார்த்து மகிழ வேண்டாம். அது தாளை ரப்பர்போல இழுத்து எல்லாப் புள்ளியையும் பொருத்திவிடும், தவறான புள்ளியையும் சேர்த்து.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இப்படி அமர்த்திய வரைபடம் படிப்பதற்கும் திட்டமிடுவதற்கும் உரியது. கைபேசி ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை விலகும். இதைக் காட்டி வரப்புத் தகராறில் யாருக்கும் எல்லை சொல்லிவிடாதீர்கள். அது நில அளவையர் கல்லைப் பார்த்து அளந்து சொல்ல வேண்டிய வேலை.

பன்னிரண்டு ஆண்டு ஆட்டோகேட் பழக்கம் உங்களுக்குப் பெரிய முதல். கோடு இழுக்கும் துல்லியம் கையில் இருக்கிறது, ஸ்நாப் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. மாற வேண்டியது ஒன்றுதான். ஆட்டோகேட்டில் மனைமேல் ‘112/2’ என்று எழுதினால் அது ஓர் எழுத்து. மனைக்கும் அதற்கும் உறவில்லை. ஜிஐஎஸ்ஸில் மனை ஒரு மூடிய உருவம், அதற்கு அட்டவணையில் ஒரு வரி, அந்த வரியில் புல எண், உட்பிரிவு, பரப்பு, பயிர். அட்டவணையில் எழுதியதுதான் படத்தில் தெரிகிறது. அதனால்தான் ‘கண்மாயிலிருந்து 200 மீட்டருக்குள் நெல் விளையும் நிலங்கள் எவை’ என்று அதனிடம் கேட்க முடிகிறது. அடுத்தடுத்த இரண்டு புலங்களுக்கு நடுவே மயிரிழை இடைவெளி விட்டு வரைந்தால் அச்சில் தெரியாது, கணக்கில் தெரியும்.

அட்டவணை தொடர்பாக இரண்டு பொறிகள். 5/2 என்ற உட்பிரிவை எக்செல் தேதியாக மாற்றிவிடும், உங்களிடம் கேட்காமலே. அந்தப் பத்தியை முதலிலேயே எழுத்து வகை என்று அமைத்துவிடுங்கள். அடுத்தது, வகுப்பில் எல்லோரும் ஷேப்ஃபைல் என்ற கோப்பு வடிவத்தில் சேமிக்கச் சொல்வார்கள். அதில் பத்தித் தலைப்புக்குப் பத்து பைட்தான் இடம். ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு மூன்று பைட் ஆகிறது. ‘பரப்பு’ என்ற சிறிய சொல்லே 18 பைட். தலைப்பு பாதியில் அறுந்து நிற்கும். வீட்டு வேலைக்கு ஜியோபேக்கேஜ் வடிவத்தைப் பயன்படுத்துங்கள். எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும், தமிழும் முழுதாக இருக்கும். வகுப்புக்குக் கொடுக்கும்போது மட்டும் ஷேப்ஃபைலாக மாற்றிக்கொள்ளலாம்.

மென்பொருள் பற்றிய கவலையை விடுங்கள். வீட்டில் கியூஜிஐஎஸ் போதும். விலை கிடையாது, நீண்டகால ஆதரவுப் பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள். 4 ஜிபியில் ஓடும், ஆனால் உலாவியை மூடிவிட்டு வேலை செய்ய வேண்டும். செயற்கைக்கோள் படத்தை மாவட்டம் முழுவதற்கும் ஏற்றாமல் உங்கள் ஊரின் அளவுக்கு வெட்டிக்கொள்ள வேண்டும். பட்டன் இருக்கும் இடம் மாறும், வேலை மாறாது. வகுப்பில் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிடுங்கள்: கற்றுத்தருவது ஆர்க்ஜிஐஎஸ்ஸின் பழைய மென்பொருளான ஆர்க்மேப்பா, புதிய ஆர்க்ஜிஐஎஸ் புரோவா? ஆர்க்மேப்புக்கான ஆதரவு 2026 மார்ச் 1ஆம் தேதியோடு முடிவதாக அதைத் தயாரித்த எஸ்ரி நிறுவனமே அறிவித்தது. ஆர்க்மேப் என்றால், புரோவையும் காட்டும்படி தயங்காமல் கேளுங்கள். கட்டணம் கட்டியிருக்கிறீர்கள்.

இனி மறதி. வகுப்பில் நீங்கள் எழுதிக்கொள்வது ‘இந்த மெனு, பிறகு இந்தப் பட்டன்’ என்ற வரிசையாக இருக்கும் என்று நினைக்கிறேன். மாலை நேர மாணவர்கள் பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். எட்டு மணி நேர வேலைக்குப் பிறகு வேறு எப்படி எழுதுவது? ஆனால் பட்டன் வரிசை ஒரு வாரம்கூடத் தங்காது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு படிக்கும் உள்ளே என்ன போயிற்று, வெளியே என்ன வந்தது, ஏன் தேவைப்பட்டது என்று ஒரு வரி எழுதுங்கள். வகுப்பு முடிந்த இரவே, அல்லது மறுநாள் காலை, அரை மணி நேரம் அதே வேலையை உங்கள் ஊரின் தரவில் செய்யுங்கள். ஆசிரியர் கொடுக்கும் தரவில் தவறே இருக்காது. அது சுத்தம் செய்யப்பட்டது, அதனால்தான் வகுப்பில் எல்லாம் வருகிறது. உங்கள் ஊர் தரவில் சாய்ந்த ஸ்கேன் இருக்கும், எழுத்துப் பிழை இருக்கும். அதோடு மல்லுக்கட்டும் அரை மணி நேரம் வகுப்பின் இரண்டு மணி நேரத்துக்குச் சமம்.

வேலைவாய்ப்பு பற்றிப் பெரிதாக வாக்குக் கொடுக்க மாட்டேன். வரைபடம் தயாரிக்க இந்திய நிறுவனங்கள் முன் அனுமதி பெற வேண்டியதில்லை என்று 2021 பிப்ரவரியில் மத்திய அரசு விதிகளைத் தளர்த்தியது. அதன் பிறகு கதவு முன்பைவிட அகலமாகத் திறந்திருக்கிறது என்பது உண்மை. வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் நானும் அமர்ந்திருக்கிறேன். சான்றிதழை நான் ஒரு நொடி பார்ப்பேன். விண்ணப்பதாரர் தானே செய்த ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து, ‘இந்தப் புள்ளியில் ஆறு மீட்டர் பிழை இருந்தது, இதனால் என்று கண்டேன், இப்படிச் சரிசெய்தேன்’ என்று சொன்னால் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டு கேட்பேன். 38 வயதும் பன்னிரண்டு ஆண்டு வரைவுப் பழக்கமும் அந்த இடத்தில் உங்களுக்குச் சாதகமாகவே நிற்கும்.

இந்த வாரம் ஒன்று மட்டும் செய்யுங்கள். அரசின் இணைய சேவையில் உங்கள் நிலத்தின் புலப்படத்தை எடுத்து, அதை 32644இல் அமர்த்தி, எல்லையை மூடிய உருவமாக வரைந்து, பரப்பைக் கணக்கிடுங்கள். பட்டாவில் ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும் பரப்போடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் எவ்வளவு வந்தது, எங்கே வந்தது என்று எழுதி எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு அடுத்த படியைச் சொல்கிறேன்.