ஐசியூவில் நைட்ரிக் ஆக்சைடு: எதற்கு, எவ்வளவு?

கேள்வி: ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் முற்றி, என் தம்பி வேலூரில் வென்டிலேட்டரில் இருக்கிறான். ‘ஏஆர்டிஎஸ்’ என்கிறார்கள். நைட்ரிக் ஆக்சைடு வாயு கொடுத்ததும் ஆக்சிஜன் ஏறியது. தொடர்ந்து கொடுக்கச் சொல்லிக் கேட்கலாமா? (குடியாத்தம் வாசகர்)

பதில்: ஆக்சிஜன் ஏறியது நல்லதுதான். ஆனால் அதை வைத்து ஆபத்து தாண்டிவிட்டது என்று எண்ண வேண்டாம். ஏஆர்டிஎஸ்ஸில் நுரையீரலின் காற்றறைகள் பலவற்றில் நீர் கோத்துக்கொள்கிறது. அங்கே ஓடும் ரத்தம் ஆக்சிஜன் ஏறாமலே திரும்பிவிடுகிறது. மூச்சோடு போகும் இந்த வாயு, காற்று நுழையும் அறைகளை மட்டுமே எட்டி, அங்குள்ள ரத்தக் குழாய்களை விரிக்கிறது. ரத்தம் அந்தப் பக்கம் திரும்புகிறது. 5 முதல் 20 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் இத்தனை பங்கு) போதும்.

1993-ல் முதல் முடிவுகள் வந்தபோது பெரிய நம்பிக்கை பிறந்தது. பிறகு நடந்த ஒப்பீட்டு ஆய்வுகளில் ஆக்சிஜன் முதல் நாள் ஏறியதே தவிர, இறப்பு குறையவில்லை. சிறுநீரகப் பாதிப்பு கூடியது. ஸ்க்ரப் டைஃபஸே சிறுநீரகத்தைத் தாக்கும் நோய். அதனால் நீட்டிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவு) எவ்வளவு, சிறுநீர் எவ்வளவு போகிறது, மெத்ஹீமோகுளோபின் (இந்த வாயுவால் கூடக்கூடிய, ஆக்சிஜனைச் சுமக்க முடியாத ஹீமோகுளோபின்) பார்த்தார்களா என்று கேளுங்கள். நிறுத்தும்போதும் சட்டென மூடக் கூடாது. 20, 10, 5, 1 என்று இறக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாய்கள் இறுகி ஆக்சிஜன் சரியும், இதயத்தின் வலப்பக்கம் திணறும். சிலிண்டர் மாற்றும் சில நிமிடங்களிலும் இதே ஆபத்து உண்டு.

உயிர் காத்தவை வேறு. வென்டிலேட்டர் தரும் ஒவ்வொரு மூச்சின் அளவைக் கிலோவுக்கு 12 மில்லியிலிருந்து 6 மில்லியாகக் குறைத்ததும், இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 ஆக இறங்கியதை 2000-ல் வந்த ஆய்வு காட்டியது. கிலோ என்பது உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடை: 165 செ.மீ. ஆணுக்கு 61.5 கிலோ, ஒரு மூச்சுக்குச் சுமார் 370 மில்லி. தராசில் 80 கிலோ காட்டினாலும் இதே அளவுதான். நோய் கடுமையாக இருந்தால், நாளுக்கு 16 மணி நேரமாவது குப்புறப் படுக்க வைப்பது இன்னும் பெரிய பலன் தந்தது (2013). கூடவே காய்ச்சலுக்கான மருந்து: டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் நரம்பில் சேர்த்துக் கொடுத்தால் சிக்கல்கள் குறைகின்றன என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் காட்டியது.

கேள்வி: குழாயை விரிக்கும் மருந்தை ஊசியாகவே போடலாமே? (ஆற்காடு வாசகி)

பதில்: நரம்பில் ஏற்றும் நைட்ரோகிளிசரின் எல்லாக் குழாய்களையும் விரிக்கும். நீர் கோத்த பகுதிக்கும் ரத்தம் பாய்ந்து ஆக்சிஜன் இறங்கும், பி.பி.யும் விழும். சில்டெனாஃபில் மாத்திரையிலும் இதே சிக்கல்தான்.